முதல் வருஷக் காளை வளர்ப்பவர்களுக்கு

தச்சங்குறிச்சியில் வாடி திறந்துவிட்டால் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஐந்து மாதத்துக்கு வேறு பேச்சு கிடையாது. கந்தர்வகோட்டை வட்டத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரில், மாதா கோவில் புத்தாண்டு விழாவையொட்டி, பொங்கலுக்கு முன்பே அந்த வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு நடப்பது வழக்கமாகிவிட்டது. 2024-இல் ஜனவரி 6, 2025-இல் ஜனவரி 4. அங்கே தொடங்கி மே மாதக் கடைசி வரை ஊர் ஊராக வாடி கட்டிக்கொண்டே இருப்போம். தமிழ்நாட்டிலேயே அதிக வாடிவாசல் உள்ள மாவட்டம் என்ற பெயர் நமக்குச் சும்மா வந்ததில்லை.

இப்போது மாசி. இந்த வருஷம் முதல்முறையாகக் காளை அவிழ்த்த பிள்ளைகள் பலர் ஒன்றோ இரண்டோ வாடி பார்த்துவிட்டீர்கள். சிலர் முகம் தொங்கிப்போய்த் திரும்புகிறீர்கள். சிலருக்குக் கால் தரையில் பாவவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, “அந்தக் கன்னுக்குட்டி தேறாது” என்றும், “இது அடுத்த வருஷம் அலங்காநல்லூரில் கார் தட்டும்” என்றும் தீர்ப்புச் சொல்கிறார்கள். இரண்டையும் காதில் வாங்காதீர்கள். ஒரு மாசத்தில் ஒரு காளையின் தலையெழுத்து தெரிந்துவிடாது. அப்படியென்றால் இந்த மாசத்தில் எதைப் பார்க்கலாம், எதைச் செய்யலாம் என்று நான் அறிந்ததை எழுதுகிறேன். தம்பிகளுக்கு மட்டுமில்லை, வீட்டில் காளைக்குத் தண்ணி காட்டித் தவிடு வைக்கும் தங்கச்சிகளுக்கும்தான். உண்மையில் பாதிக் காளைகளை வளர்ப்பது அவர்கள்தானே.

1. பிடிபட்டதா இல்லையா என்ற கேள்வியை இந்த வருஷம் தள்ளி வையுங்கள்.

விதி என்ன சொல்கிறது? திமிலை மட்டும்தான் பிடிக்க வேண்டும். கொம்பு, வால், கால் எதையும் தொடக்கூடாது. 15 மீட்டர் தூரம், அல்லது 30 நொடி, அல்லது மூன்று துள்ளல், இதில் ஏதாவது ஒன்றுக்குத் தாங்கினால் வீரர் வென்றார். இந்த அரை நிமிஷத்துக்குள் காளையின் கையில் இருப்பது பாதிதான். மீதி, எந்தச் சுற்றில் உங்கள் டோக்கன் வந்தது என்பதைப் பொறுத்தது. சட்டை நிறம் மாற்றி மாற்றிச் சுற்றுச் சுற்றாக வீரர்களை இறக்குகிறார்கள். ஒரு சுற்றில் கைதேர்ந்த பிடிகாரர்கள் நாலு பேர் வாடிப் பக்கமே நிற்பார்கள். அடுத்த சுற்றில் எல்லாரும் புதுப் பையன்கள், காளையைக் கண்டதும் தடுப்பில் ஏறிக்கொள்வார்கள். முதல் சுற்றில் பிடிபட்ட கன்று மட்டம், அடுத்த சுற்றில் தப்பிய கன்று உசத்தி என்று எப்படிச் சொல்வது?

பார்க்க வேண்டியது வேறு. வெளியே வந்ததும் தலை எங்கே திரும்புகிறது? நேரே ஓட்டம் பிடிக்கிறதா, ஆள் வரும் பக்கம் கண் போகிறதா? பக்கவாட்டில் கை விழும்போது உடம்பை அந்தப் பக்கமே சாய்க்கிறதா, உதறுகிறதா? முதல் துள்ளலில் பின்னங்கால் இரண்டும் சேர்ந்து கிளம்புகிறதா, ஒன்று பிந்துகிறதா? இதெல்லாம் கன்றின் குணம். இதில் போன வாடிக்கும் இந்த வாடிக்கும் ஏதாவது மாறியிருந்தால் அதுதான் முன்னேற்றம். அண்டாவும் கட்டிலும் கிடைத்தது விழாக் கமிட்டியின் அன்பளிப்பு, அவ்வளவுதான்.

இன்னொன்று. ஆளைக் குத்தித் தூக்கிய காளையைத்தான் பெரிய காளை என்று வீடியோ போட்டுக் கொண்டாடும் பழக்கம் வந்திருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. களத்தில் நிற்கும் பையனும் நம் ஊர்ப் பிள்ளைதான், அவனுக்கும் வீட்டில் ஆத்தா காத்திருக்கிறாள். கை போட்டவனை உதறிவிட்டு, சுற்றித் திரும்பி, அடுத்தவன் வரட்டும் என்று நிற்கிறதே, அந்தக் காளைக்குத்தான் பழைய ஆட்கள் துண்டு போடுவார்கள்.

2. வாடிக்குள் நின்றுவிட்டால் பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டாதீர்கள்.

முதல் வருஷக் காளைகளில் பாதி வாடிவாசல் முகப்பில் ஒரு நிமிஷம் தயங்கும். பின்னால் இருந்து சத்தம் போடுவார்கள், சிலர் அடிக்கவே கை ஓங்குவார்கள். தயங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கண்தான். மாட்டுக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருக்கிறது. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 330 பாகை பார்க்கும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. ஆனால் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும்போது அந்தக் கண் பழகுவதற்கு நம் கண்ணைவிட அதிக நேரம் ஆகும். வாடியோ ஒடுங்கிய சந்து, இரு பக்கமும் மரம், மேலே நிழல். வெளியே மாட்டுப் பொங்கல் வெயில், தரையில் பரப்பிய தென்னைநார் பளபளக்கிறது, ஒலிபெருக்கி அலறுகிறது. அனுபவமில்லாத கன்றுக்கு எதிரே வெள்ளையாக ஒரு சுவர் நிற்பதுபோலத்தான் இருக்கும். அது நின்று பார்ப்பது அறிவு. பாராமல் பாய்கிற கன்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை, அதைக் கீழே சொல்கிறேன்.

சிவப்புச் சட்டையைக் கண்டு மிரண்டது என்று சொல்வார்கள். மாட்டின் கண்ணுக்குச் சிவப்பு தனியாகத் தெரியாது. அது கண்டு மிரள்வது அசைவை, காது கொடுப்பது சத்தத்துக்கு.

இதற்குப் பயிற்சி உண்டு, காசு செலவில்லை. தோப்பில் இரண்டு வரிசை மூங்கில் நட்டு, மேலே கீற்றுப் போட்டு, காளை ஒன்று மட்டும் நுழையும் அகலத்துக்கு ஒரு சந்து கட்டுங்கள். ஒரு முனையில் விட்டு மறுமுனையில் கொஞ்சம் தீனி வைத்து நில்லுங்கள். முதல் சில நாள் சத்தமே கூடாது. பிறகு ஒரு பாட்டுப் பெட்டி. பிறகு இரண்டு பையன்கள் வெளியே நிற்கட்டும், தொட வேண்டாம். சந்தைத் தாண்டினால் வெளிச்சமும் வழியும் இருக்கிறது என்று அதற்கு மனசில் பதிந்துவிட்டால், வாடியில் தயக்கம் தானாகக் குறையும். மாசிக்கும் சித்திரைக்கும் நடுவில் இது ஒன்று மாறினாலே உங்கள் கன்று நல்ல வருஷம் பார்த்தது என்று நான் சொல்வேன்.

3. பல்லைப் பாருங்கள்.

வயசை வாயால் சொல்லாதீர்கள், பல்லைக் காட்டுங்கள். இரண்டு பல் விழுந்து முளைத்தால் இரண்டு, இரண்டரை வயசு. நாலு பல் என்றால் மூன்றை ஒட்டி. ஆறு பல் மூன்றரை, நாலு. எட்டும் முளைத்துக் கடை சேர நாலரை, ஐந்து ஆகும், நாட்டு மாட்டில் இன்னும் கொஞ்சம் பிந்தும். கால் எலும்பின் முனைகள் வளர்ந்து இறுக மூன்றரை நாலு வயசு ஆகிறது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அப்படியிருக்க, இரண்டு பல் கன்றைக் கொண்டுபோய் வாடியில் விட்டு, அது முழங்காலில் விழுந்து எழுந்ததும் “சொணங்கிவிட்டது” என்று குறைப்படுவது என்ன நியாயம்?

என் கணக்கில், நாலு பல்லில் வாடியைக் காட்டலாம், காட்டுவதற்கு மட்டும். ஆறு பல்லில் விளையாடட்டும். எட்டுப் பல்லில் பேசிக்கொள்ளலாம். நல்ல காளைக்கு அதற்கு மேலும் பல வருஷம் இருக்கிறது.

பிரான்ஸ் நாட்டின் தெற்கே, ரோன் ஆறு கடலில் கலக்கும் காமார்க் பகுதியில் நம்மைப் போலவே ஒரு கூட்டம் இருக்கிறது. அங்கேயும் காளையைக் கொல்வதில்லை. கொம்பில் கட்டிய நூலையும் குஞ்சத்தையும் வெள்ளை உடுப்பு வீரர்கள் பறிக்க வேண்டும், ஒரு காளைக்கு அதிகபட்சம் 15 நிமிஷம். அங்கே நாயகன் வீரர் இல்லை, காளை. அது பல வருஷம் களம் காணும், வயசாக வயசாகப் பேர் ஏறும், ஓய்ந்த பிறகு மேய்ச்சலுக்குத் திரும்பும். சாங்லியே என்ற காளை 1933-இல் இறந்தபோது லெ கைலார் ஊரில் அதற்குக் கல்லறையே எழுப்பினார்கள், இன்றும் இருக்கிறது. நம் கோவில் காளை இறந்தால் ஊரே கூடி வேட்டி போர்த்தி, மேளம் வைத்து அடக்கம் செய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊர்க்காரர் மனசு புரியும். முதல் வருஷத்தில் அவசரப்பட்டுக் காலை முறித்திருந்தால் ஒரு காளையும் அந்த வயசை எட்டியிருக்காது.

4. சின்ன வாடியிலிருந்து பெரிய வாடிக்கு.

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று தை முதல் மூன்று நாளும் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, முதல் டோக்கனே அங்கே வேண்டும் என்று ஆன்லைனில் உட்கார்ந்துவிடுகிறீர்கள். நம் மாவட்டத்துக்காரனுக்கு அந்த அவசியமே இல்லை. இருபது முப்பது கிலோமீட்டருக்குள் சின்ன ஊர் வாடிகள் எத்தனை! கூட்டம் குறைவு, காத்திருப்பு குறைவு, சுற்றி நிற்பவன் எல்லாம் சொந்தக்காரன். அங்கே தொடங்குங்கள். வன்னியன்விடுதி, ராப்பூசல், இலுப்பூர், திருவப்பூர் போன்ற பெயர்பெற்ற வாடிகள் அடுத்த படி. விராலிமலை அதற்கும் மேலே. 2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்து உலக சாதனை என்று அறிவித்தார்கள். சாதனை சரி. ஆனால் அன்று பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர் உயிரும் போனது. அத்தனை காளை வரிசையில் நிற்கும் இடத்தில் ஒரு புதுக் கன்று எத்தனை மணி நேரம் காத்துக் கிடக்கும், எத்தனை புதுக் காளை வாசம் அதன் மூக்கில் ஏறும் என்று யோசியுங்கள். அவிழ்ப்பதற்கு முன்பே அது களைத்துப்போயிருக்கும்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு மட்டைப் பந்து ஆட்டம். அங்கே ஒவ்வொரு பெரிய அணியும் தனக்குக் கீழே படிப்படியாகச் சிறு அணிகள் வைத்திருக்கிறது. எவ்வளவு கெட்டிக்காரப் பையனாக இருந்தாலும் பெரும்பாலும் கீழ்ப்படிகளில்தான் சேர்ப்பார்கள். 2008-இல் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இரண்டு பேரையும் ஒரு தொலைக்காட்சிப் போட்டி வழியாகக் கண்டெடுத்து, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் போட்டது. அதற்குச் சில மாதம் முன்புவரை அவர்கள் அந்தப் பந்தைத் தொட்டதுகூட இல்லை. 2009-இல் கடைசிப் படியில் இருந்த சிறு லீக்கில் இறக்கிப் பழக்கினார்கள். இரண்டு பேருமே உச்சிக்குப் போகவில்லை, தினேஷ் 2010-இல் விடுவிக்கப்பட்டார், ரிங்கு இன்னும் சில வருஷம் ஆடிப் பார்த்தார், காயம் விடவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நாட்டில் ஆளும் கருவியும் கணக்கும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பையனையும் நாள்தோறும் அளக்கிறவர்களுக்கே எவன் தேறுவான் என்று முன்கூட்டித் தெரிவதில்லை. அதனால்தான் படி வைத்திருக்கிறார்கள். நம் டீக்கடைக்கு மட்டும் எப்படித் தெரியும் அப்பு?

5. முதல் வருஷம் மாசத்துக்கு ஒரு வாடி போதும்.

நண்பன் ஊர், மாமன் ஊர், தாய்மாமன் ஊர் என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். குட்டி யானை வண்டியில் ஏற்றி இறக்குவதே கன்றுக்குப் பாதி ஜல்லிக்கட்டு. மரியாதைக்கு நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.

6. தீனியை வாடிக்காக மாற்றாதீர்கள்.

பருத்திக்கொட்டை, உளுந்தம் பொட்டு, துவரம் பொட்டு, கடலைப் புண்ணாக்கு, கோதுமைத் தவிடு, பேரீச்சம்பழம், நாட்டுக்கோழி முட்டை என்று ஒவ்வொருவரும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. அளவிலும் வேகத்திலும்தான் சண்டை. தை வந்துவிட்டது என்று பத்து நாளுக்குள் பொட்டையும் தானியத்தையும் இரண்டு மடங்காக்கினால் மாட்டின் பெருவயிறு தாங்காது. புளித்துப் பொருமும், அசை போடுவது நிற்கும், சாணி கூழாகும். அதோடு போகாது. வயிற்றில் ஏறிய அமிலம் குளம்பில் இறங்கும், குளம்புக்குள் வீங்கி நடக்க நோகும். வாடியில் கன்று துள்ளவில்லை என்று அழுகிறவர்களில் எத்தனை பேர் குளம்பைத் தொட்டுப் பார்த்தீர்கள், சூடாக இருந்ததா என்று?

வைக்கோல், சோளத்தட்டை, பச்சைப்புல் இதுதான் அடிப்படை. மற்றதெல்லாம் மேல்கறி. எதைக் கூட்டினாலும் இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தண்ணியை மறக்க வேண்டாம். பங்குனி சித்திரையில் அவிழ்க்கப்போகிறவர்கள், வண்டியில் ஏற்றுமுன்பும் இறக்கியபிறகும் தண்ணி காட்டாமல் வரிசைக்குப் போகாதீர்கள்.

நடையும் நீச்சலும் தீனியைவிடப் பெரிய தீனி. காலையில் கம்மாய்க் கரை வழியாக நடக்க விட்டு, தண்ணி இருக்கும்வரை குளத்தில் நீந்த விடுங்கள். மண் குத்தப் பழக்குவது கொம்புக்கும் கழுத்துக்கும் நல்லதுதான், கல் இல்லாத மணலாகப் பார்த்துக் குவியுங்கள்.

7. கட்டையும் கிணறும்.

கவலை என்று மேலே சொன்னது இதைத்தான். 2018-இல் தென்னலூரில் கொம்பன் என்ற காளை வாடிவாசல் கட்டையில் மோதி விழுந்து செத்தது. அப்போதைய அமைச்சர் விஜயபாஸ்கரின் காளை, ஊர் ஊராகப் பேர் வாங்கியது, பிடிபடாதது. 2023 மே மாதம் வடமலாப்பூரில் கருப்புக் கொம்பன் இதேபோல் வாடியில் மோதி அடிபட்டு, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிவரை கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அனுபவப்பட்ட காளைகளுக்கே இந்தக் கதி. பின்னால் இருந்து விரட்ட, கண் கூசும் வெளிச்சத்தில் தலை குனிந்து பாய, நடுவில் ஒரு மரம். மூன்று விநாடிதான் எடுக்கும்.

ஆகவே அவிழ்க்கும் முன் அந்த வாடியைக் கண்ணால் பாருங்கள். கட்டைக்குச் சாக்கு சுற்றியிருக்கிறார்களா, சந்து நேராக இருக்கிறதா, திருப்பமா என்று பாருங்கள். இல்லையென்றால் கமிட்டிக்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் டோக்கனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள். மூக்கணாங்கயிற்றை அறுக்கும்போது கன்றின் தலை நேராக வாசலைப் பார்த்து இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவன் குரல் அதற்குத் தெரிந்த குரலாக இருக்க வேண்டும்.

களத்தைத் தாண்டிய பிறகுதான் அடுத்த ஆபத்து. காளை சேரும் தொழுவத்துக்கு அப்பால் ஓடிவிட்டால், நம் மாவட்டத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். கன்று விழுந்து கழுத்து முறிந்த சேதி வருஷா வருஷம் வருகிறது. முதல் நாளே போய் அந்தப் பக்கத்துக் கொல்லைகளை நடந்து பாருங்கள். கிணறு இருந்தால் அங்கே நிற்க ஆள் போடுங்கள். கயிறு பிடிக்க உங்கள் வீட்டில் கன்று யாருக்கு அடங்குமோ அவர் போகட்டும். களத்தில் பத்துப் பேரை உதறிய காளை, தொழுவத்தில் வளர்த்த பெண் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் தலையைத் தாழ்த்திக் கயிறு வாங்கிக்கொள்வதை எல்லா வாடியிலும் பார்க்கலாம். அந்தப் பழக்கம் தீனிச் சட்டி வைக்கும்போதே வர வேண்டும். அவிழ்த்த அன்று வராது.

8. அவிழ்த்த மறுநாள் காலையில்தான் உண்மையான பரீட்சை.

வாடி முடிந்த அன்று ராத்திரி மேளம், படம், கொண்டாட்டம். மறுநாள் விடியலில் ஒருவரும் கொட்டிலுக்குப் போவதில்லை. நீங்கள் போங்கள். விளக்கைப் போடாமல், சத்தம் காட்டாமல் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். படுத்திருக்கிறதா, நின்றுகொண்டே இரவு கழித்ததா? படுத்திருந்தால் எழுப்புங்கள். மாடு பின்னங்காலை முதலில் தூக்கி, முன்னங்கால் முட்டியில் ஒரு கணம் தங்கி, பிறகு எழும். அந்த ஒரு கணம் நீண்டால் முன்னங்காலில் வலி. எழுந்ததும் நெளிவெடுத்து முதுகை வளைத்தால் நல்ல குறி. பிறகு திமிலில் கையை வையுங்கள், மெதுவாக. நேற்று எத்தனை கை அதைக் கவ்வியிருக்கும்! சூடு, வீக்கம், நகக்கீறல் இருக்கும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் கீறலுக்குப் போதும். வீக்கம் இரண்டாம் நாளும் வற்றாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள், எருமைக்குப் பார்த்த மருந்தை இதற்கும் ஊற்றாதீர்கள். கொம்பின் அடியைச் சுற்றித் தடவுங்கள், அசைந்தால் கன்று தலையை வெடுக்கென்று இழுக்கும். குளம்பு நடுவில் தென்னைநாரும் கல்லும் சிக்கியிருக்கும், எடுங்கள். சாணியைப் பாருங்கள். மூக்கு நுனி ஈரமாக இருக்கிறதா பாருங்கள்.

கடைசியில் அசை போடுகிறதா என்று காத்திருந்து பாருங்கள். மனசு அமைதியான மாடுதான் அசை போடும். மறுநாள் காலையிலேயே தீனி எடுத்து, அசை போட்டு, உங்கள் கையை நக்கும் கன்று வாடியை மனசில் காயமாக வைத்துக்கொள்ளவில்லை. மூன்று நாளாகியும் ஆளைக் கண்டு ஒதுங்கினால், சின்னச் சத்தத்துக்குக் கயிறு அறுத்தால், அதற்கு அடுத்த வாடி இந்த வருஷம் வேண்டாம். பரிசு வாங்கியிருந்தாலும் வேண்டாம்.

9. ஒரு நோட்டுப் போடுங்கள்.

ஊர், தேதி, எத்தனை மணிக்கு அவிழ்த்தது, எவ்வளவு நேரம் வரிசையில் நின்றது, எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனாவது துள்ளலில் உதறியது, மறுநாள் எப்படி இருந்தது. பத்து வரி. செல்போன் வீடியோ இருக்கிறதே என்பீர்கள். வீடியோவில் களம் மட்டும்தான் இருக்கும், காத்திருப்பும் மறுநாளும் இருக்காது. கன்று மூன்று வாடியிலும் இடப்பக்கமே பிடிபட்டிருக்கிறது என்று நோட்டுதான் சொல்லும். அதற்கப்புறம் இடப்பக்கம் தடவிப் பழக்கலாம், அந்தப் பக்கக் காலில் குறை இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டலாம்.

10. மிளகாய்ப்பொடி, சாராயம், வாலைக் கடித்தல், ஊசி.

செய்யாதீர்கள். சட்டம் தடுக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டை நிறுத்தியபோது அங்கே வைக்கப்பட்ட படங்களும் புகார்களும் இவைதான். நாலு பேர் செய்த பாவத்துக்கு நாடே தண்டனை அனுபவித்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் தமுக்கத்திலும் நம் ஊர்த் தெருக்களிலும் பிள்ளைகள் ராப்பகலாக உட்கார்ந்து, சட்டம் வந்து, 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்று சொன்ன பிறகுதான் நிம்மதியாக வாடி கட்டுகிறோம். உங்கள் கொட்டிலில் ஒருவன் மிளகாய்ப்பொடியோடு வந்தால், அவன் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், அன்றோடு அவனைக் கயிற்றுப் பக்கம் விடாதீர்கள்.

11. விலை பேச வருபவர்கள்.

ஒரு வாடியில் நன்றாக நின்ற கன்றுக்கு மறுநாளே ஆள் வருவார். பிடிபட்ட கன்றுக்கும் ஆள் வருவார், வேறு வகை ஆள். இரண்டு பேருக்கும் வைகாசி கழியட்டும் என்று பதில் சொல்லுங்கள்.

அந்த இரண்டாவது ஆளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வாடி இல்லாத 2015, 2016 பொங்கல்களை நினைத்துப் பாருங்கள். 2014-இல் நாலு பல், ஆறு பல்லாக இருந்த கன்றுகள் தங்கள் நல்ல வயசு முழுவதும் கட்டுத்தறியிலேயே கழித்தன. தீனிக்கு வழியில்லாமல் எத்தனையோ பேர் சந்தைக்கு ஓட்டினார்கள், அவற்றில் பல அடிமாடாகப் போனது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கன்றுகளில் எது தேறியிருக்கும், எது தேறியிருக்காது என்று சொல்ல இன்று ஒரு வழியும் இல்லை. அவற்றோடு அவற்றின் வித்தும் போயிற்று. வாடியில் சோபிக்காத காளைக்கும் நல்ல தாய் வழி இருந்தால் பொலிகாளையாக வைத்துக்கொள்ளலாம். புலிக்குளம், உம்பளச்சேரி, நம் பக்கத்துக் குட்டை நாட்டு மாடு எதுவானாலும் சரி, ஊரில் நாலு பசுவுக்கு நாட்டுக் காளை கிடைக்காமல் சினை ஊசிக்கு அலைகிற காலம் இது. உங்கள் கன்று துள்ளாவிட்டாலும் அதன் கன்று துள்ளும். ஆகவே முதல் வருஷத்தில் பிடிபட்டதற்காக மட்டும் ஒரு கன்றையும் அந்த ஆளிடம் கயிறு மாற்றிக் கொடுக்காதீர்கள். தீவனச் செலவு தாங்கவில்லையென்றால் ஊரிலேயே இன்னொரு வீட்டோடு பங்கு வளர்ப்புக்கு விடுங்கள், முன்பெல்லாம் அப்படித்தான் செய்தோம்.

12. வைகாசிக்குப் பிறகு.

மே மாதத்தோடு வாடி அடங்கும். காளையை மறந்துவிட்டு மார்கழியில் ஞாபகம் வருகிற வழக்கத்தை விடுங்கள். ஆனி ஆடியில் குடற்புழு மருந்து, குளம்பு சீவல். ஆறு மாசத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசி. மழைக்கு முன் தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஊசி. சில வருஷமாக மாட்டம்மையும் வருகிறது, அதற்கும் ஊசி இருக்கிறது. ஊசி போட்ட கையோடு நீச்சலுக்கோ வண்டியேற்றவோ கூடாது, இரண்டு வாரம் சும்மா விடுங்கள். புரட்டாசி ஐப்பசியில் மழையில் கொட்டில் சேறானால் குளம்பு அழுகும், தரையை மேடாக்கி மணல் போடுங்கள். கார்த்திகையில் நடையைத் தொடங்கலாம். அப்போது பல்லை மறுபடி பார்த்து நோட்டில் எழுதுங்கள், மாசியில் எழுதியதற்குப் பக்கத்திலேயே.